பத்துப் பேர்ச்சஸ் வளவில் பலா வைக்கலாமா?

ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இதுதான். தெஹிவளையில் 10 பேர்ச்சஸ் காணி, பாதிக்கு மேல் வீடு. பின்வளவில் நின்ற மாமரம் பட்டுப்போய் அந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது. வெள்ளவத்தையில் வாங்கிய பலாப்பழம் நன்றாக இருந்ததால் அதன் கொட்டை ஒன்றை யோகட் கப்பில் போட்டிருக்கிறார்; முளைத்து ஆறு இலை விட்டிருக்கிறது. அதை நடலாமா, எத்தனை வருஷத்தில் காய்க்கும், வீட்டுக்குப் பக்கத்தில் பலா கூடாது என்று அம்மா சொல்வது சரியா?

வைக்கலாம். ஆனால் இரண்டு விஷயம் சரியாக அமைய வேண்டும். அந்த இடத்தில் மழைத்தண்ணீர் தேங்கக் கூடாது. மரத்தை முதல் வருஷத்திலிருந்தே 12 அடிக்கு மேல் போகவிடக் கூடாது. இனம், உரம், பூச்சி எல்லாம் பிறகுதான். கொழும்பில் பலா வைத்து மனம் வெறுத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், கதை இந்த இரண்டில் ஒன்றில்தான் போய் முடியும். ஒன்று, மரம் மூன்றாம் நாலாம் வருஷத்தில் காரணம் தெரியாமல் வாடிச் செத்திருக்கும். இல்லையென்றால் நாற்பது அடிக்கு வளர்ந்து, எட்டாத உயரத்தில் பழுத்து, பக்கத்து வீட்டு அஸ்பெஸ்டஸ் கூரையில் விழுந்திருக்கும்.

அம்மா சொல்வதை முதலில் எடுக்கிறேன். மூட நம்பிக்கை என்று தள்ளிவிட வேண்டாம். பத்துப் பதினைந்து கிலோ பழம் முப்பது அடியிலிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்று ஊரில் பார்த்து வளர்ந்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பழம் கனிந்தால் வௌவாலும் வரும், விழுந்து அழுகினால் ஈயும் மொய்க்கும். அவர் மனதில் இருப்பது அரை ஏக்கர் வளவில் கேட்பாரில்லாமல் வளர்ந்த மரம். அந்த மரத்தை 10 பேர்ச்சஸில் வைக்கக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆளுயரத்தில் காய்க்கும் மரம் வேறு சங்கதி.

இன்னொன்றையும் நடுவதற்கு முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும். பலா நம் நாட்டில் நினைத்தபடி தறிக்கக்கூடிய மரம் இல்லை. 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பலா, ஈரப்பலா, பெண்பனை போன்ற மரங்களை வெட்ட அனுமதி எடுக்க வேண்டும். உங்கள் காணி, நீங்களே வைத்த மரம் என்றாலும் அப்படித்தான். கிராம உத்தியோகத்தரிடம் தொடங்கிப் பிரதேச செயலகம் வரை போக வேண்டி வரும். வெட்டிய மரத்தை லொறியில் ஏற்ற அதற்கு வேறு அனுமதி. இதில் நியாயம் இருக்கிறது. பாணந்துறையைச் சேர்ந்த ஆர்தர் வீ. டயஸ் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் ஊர் ஊராகப் பலா நட வைத்தார். சிங்களவர் அவரை இன்றும் 'கொஸ் மாமா', அதாவது பலா மாமா, என்றுதான் சொல்கிறார்கள். அரிசிக்குப் பஞ்சம் வந்த காலமெல்லாம் இந்த மரம் சோறு போட்டிருக்கிறது. 2022 பொருளாதார நெருக்கடியில் சமைக்கக் காஸும் இல்லை, கையில் காசும் இல்லை என்று நின்றபோது எத்தனையோ வீடுகளில் ஒரு வேளைச் சாப்பாடு அவித்த பலாக்காய்தான். ஆகவே 'சரிவராவிட்டால் பிறகு வெட்டிவிடலாம்' என்ற நினைப்போடு நடாதீர்கள்.

இனித் தண்ணீர். கொழும்பில் வருஷத்துக்கு ஏறத்தாழ 2400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரையும், ஒக்டோபர் நவம்பரிலும் கொட்டித் தீர்க்கும். பலாவுக்கு மழை பிடிக்கும், வேரில் நிற்கும் தண்ணீர் பிடிக்காது. வேர் மூச்சு முட்டினால் இலை மஞ்சளாகும், நுனி காயும், பிறகு ஒரு பக்கக் கிளை முழுதாகப் பட்டுப்போகும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் காலி வீதிக்குக் கடற்பக்கம் மணல் கலந்த மண் என்பதால் தண்ணீர் வடிந்துவிடும். அங்கே தொல்லை உப்புக் காற்றுதான், அது இளங்குருத்தைக் கருக்கும். தெஹிவளையில் ஒரே ஒழுங்கைக்குள் இரண்டு விதமும் உண்டு. மேட்டில் கபுக் கல்லோடு கூடிய சிவப்பு மண் இருந்தால் யோகம். அத்திடிய, பெல்லன்வில பக்கமாக இறங்க இறங்கச் சதுப்பு நிலம். அங்கே பல காணிகள் கல்லும் மண்ணும் கொட்டி நிரப்பப்பட்டவை. மேலே பார்த்தால் நல்ல தரை. அலவாங்கால் இரண்டடி குத்தினால் உடைந்த செங்கல், சீமெந்துக் கட்டி, பொலித்தீன், அதன் கீழே கறுத்த சேறு.

உங்கள் மாமரம் ஏன் பட்டது என்று நீங்கள் எழுதவில்லை. அதைக் கொஞ்சம் விசாரியுங்கள். வயதாகிப் பட்டிருந்தால் பரவாயில்லை. மதில் கட்டியபோது தண்ணீர் ஓடும் வழி அடைபட்டு, அடுத்த மழையில் பட்டிருந்தால் அதே இடத்தில் பலாவும் படும். பரிசோதனை எளிது. மூன்றடி ஆழத்தில் ஒரு குழி வெட்டி, நிரம்பத் தண்ணீர் ஊற்றி விடுங்கள். மழையில்லாத நாளில் சில மணி நேரத்தில் வற்றிவிட்டால் நல்லது. மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால், அல்லது வெட்டும்போதே அடியிலிருந்து ஊறி வந்தால் அங்கே குழியில் நடக் கூடாது. தரைக்கு மேலே இரண்டடி உயரத்துக்கும் ஆறடி அகலத்துக்கும் மேடு போட்டு அதன் மேல் நட வேண்டும். மேட்டுக்கு வாங்கும் மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள். கட்டட இடிபாடு கலந்த மண்ணை லோட் கணக்கில் தலையில் கட்டிவிடுவார்கள். சீமெந்துச் சுண்ணாம்பு கலந்த மண்ணில் பலாக் குருத்து இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். என்ன உரம் போட்டாலும் தேறாது.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வீட்டுச் சுவரிலிருந்து 15 அடி, மதிலிலிருந்து 8 அடிக்குக் குறையாமல் பாருங்கள். மலக்குழி, அதன் உறிஞ்சு குழி, தண்ணீர்க் குழாய் போகும் பாதை ஆகியவற்றுக்கு மேல் வேண்டாம். ஆல், அரசு மாதிரிச் சுவர் வெடிப்பைத் தேடி நுழையும் வேர் பலாவுக்கு இல்லை. ஆனாலும் பெரிய மரத்தின் வேர் தடித்து மதிலின் அத்திவாரத்தைத் தூக்கும். தலையைச் சிறிதாக வைத்தால் வேரும் அதற்கேற்ற அளவில்தான் ஓடும். வெயில் ஆறு மணி நேரமாவது விழ வேண்டும். மூன்று மாடி வீட்டுக்குப் பக்கத்தில், எந்நேரமும் நிழல் விழும் மூலையில் பலா நட்டால் வளரும், காய்க்காது. அடுக்குமாடி மொட்டைமாடியில் பரலில் வைக்கலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. இலை பார்க்க ஆசையென்றால் வைக்கலாம்.

யோகட் கப் நாற்றுக்கு வருகிறேன். பலா மகரந்தம் கலந்து காய்க்கும் மரம். நீங்கள் சாப்பிட்ட பழத்தின் தாய்மரம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டாலும் தகப்பன்மரம் யாருக்கும் தெரியாது. சுளை இறுகிய வருக்கன் பழத்தின் கொட்டையில் சுளை குழைந்த கூழன் முளைக்கலாம், இனிப்பில் சப்பென்று போகலாம், சுளை சிறுத்துத் தும்பு பெருக்கலாம். நல்லதாகவும் வரலாம். அரை ஏக்கர் இருந்தால் நாலு கொட்டை போட்டுப் பார்ப்பது ஒரு விளையாட்டு. ஒரே ஒரு மரத்துக்கு இடம் உள்ளவர் அந்த விளையாட்டில் இறங்கக் கூடாது. காலமும் ஒரு காரணம். கொட்டைக்கன்று காய்க்க ஐந்து முதல் எட்டு வருஷம் பிடிக்கும், பத்தைத் தாண்டுவதும் உண்டு. ஒட்டுக்கன்று மூன்று நாலு வருஷத்தில் காய்க்கத் தொடங்கும்.

அதற்காக நாற்றை வீச வேண்டாம். அதை ஒட்டுக் கட்டையாகப் பாவிக்கலாம். பலாவின் ஆணிவேர் நேரே கீழே இறங்கும். யோகட் கப்பின் அடியில் இப்போதே சுருளத் தொடங்கியிருக்கும். சுருண்ட ஆணிவேர் பிறகு ஒருநாளும் நிமிராது. இன்றைக்கே உயரமான நாற்றுப்பைக்கு மாற்றுங்கள், வேரைச் சுற்றிய மண் உதிராமல். சில மாதத்தில் தண்டு பென்சில் பருமனுக்கு வரும். தெரிந்தவர் வளவில் உங்களுக்குப் பிடித்த மரம் ஏதும் இருந்தால், அதிலிருந்து அதே பருமனில் முகை திரண்ட நுனித்தண்டை வெட்டி, ஆப்பு மாதிரிச் சீவி, நாற்றின் தலையைப் பிளந்து செருகிக் கட்டி, மேலே சிறு பொலித்தீன் உறை போட்டு நிழலில் வைப்பார்கள். நாற்றுமேடைக்காரர் செய்வதும் இதைத்தான். கை பழகாதவருக்கு முதல் தடவை சரிவராமல் போகலாம். பால் வடியும் மரம், வெட்டுவாய் உலர்வதற்குள் செருகிவிட வேண்டும். நாற்றின் இலை விரல்விரலாகப் பிளந்திருந்தால் ஈரப்பலாக் கொட்டையோ என்று குழம்ப வேண்டாம். பலாவின் இளம் கன்றில் அப்படி இலை வருவது இயல்பு.

பொறுமை இல்லையென்றால் ஒட்டுக்கன்றை வாங்கிவிடுங்கள், பெரிய செலவு இல்லை. நம் நாட்டில் பெயர் பெற்றது 'பாதர் லோங்'. 'சிலோன் பலா' என்றும் 'சிங்கப்பூர் பலா' என்றும் இந்தியாவில் விற்கும் சீக்கிரம் காய்க்கும் இனம் கூட இங்கிருந்து அங்கே போனதுதான். இப்போது வீதியோர நேர்சரிகளில் தாய்லாந்து, வியட்நாம், மலேசியா என்று பெயர் எழுதித் தொங்கவிட்ட கன்றுகள் நிறைய. சுளை சிவப்பாக இருக்கும், ஒன்றரை வருஷத்தில் காய்க்கும் என்று படமும் ஒட்டியிருப்பார்கள். படத்தை விட்டுவிட்டு ஒட்டுப் போட்ட இடத்தைப் பாருங்கள். மேலும் கீழும் ஒரே பருமனில் ஒட்டி ஆறியிருக்க வேண்டும், ஒட்டுக்கு மேலே குறைந்தது இரண்டு தடவை துளிர்விட்டிருக்க வேண்டும், பையின் அடியால் தடித்த வேர் வெளியே வந்திருக்கக் கூடாது. ஆறடிக் கன்றைப் பெருமையாகக் காட்டி விலை கூட்டுவார்கள். இரண்டடிக் கன்றுதான் சீக்கிரம் பிடிக்கும். விவசாயத் திணைக்களத்தின் பழப்பயிர் ஆராய்ச்சி அபிவிருத்தி நிறுவனம் ஹொரணைக்குப் பக்கத்தில் கனன்விலவில் இருக்கிறது. கன்று கிடைக்குமா, எந்த இனம் என்று திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கள். ஒரு மரத்திலேயே ஆண்பூவும் பெண்பூவும் வருவதால் துணைக்கு இன்னொரு மரம் தேவையில்லை.

நடுவதில் அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. மூன்றடி நீள அகல ஆழத்தில் குழி. மேல்மண்ணோடு மக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு கலந்து நிரப்பி, இரண்டு கிழமை இறுக விட்டு, நடுவில் கன்றை வையுங்கள். பச்சை எருவும் யூரியாவும் குழிக்குள் வேண்டாம். ஒட்டு இடம் மண்ணுக்கு மேலே அரையடியாவது தெரிய வேண்டும். கன்றைச் சுற்றிக் கிண்ணம் மாதிரிப் பாத்தி கட்டுவது வறண்ட ஊர்ப் பழக்கம்; கொழும்பு மழைக்கு அடிமரத்தில் மண் கொஞ்சம் உயர்ந்தும் சுற்றிலும் சரிந்தும் இருப்பதுதான் நல்லது. செப்டம்பரில் நட்டால் ஒக்டோபர் மழையில் வேர் பிடித்து, ஜனவரி பெப்ரவரி வெயிலுக்குத் தயாராகிவிடும். அந்த இரண்டு மாதமும் முதல் இரண்டு வருஷத்துக்கு வாரத்தில் இரண்டு தரம் தண்ணீர் விடுங்கள். அடியில் காய்ந்த இலை, தென்னந்தும்பு எது கிடைத்தாலும் பரப்பலாம், தண்டில் முட்டாமல். சிரட்டை மட்டும் போட வேண்டாம். அதில் தண்ணீர் நின்றால் டெங்கு நுளம்பு பெருகும், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் வழக்கும் போடுவார்.

இனி வருவதுதான் முக்கியம்: மரத்தின் உருவம்.

மாமரம் நுனிக் கிளையில் பூக்கிறது. தலையை வெட்டினால் அந்த வருஷப் பூவும் போய்விடும். பலா அப்படியில்லை. காய் பிடிப்பது அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும். மரம் முதிர முதிரக் கீழே இறங்கி, கிழமரங்களில் தரையோடு வேரடியில்கூடக் காய்க்கும். நுனியில் உள்ள மெல்லிய கிளைக்கு இலை தாங்கும் வேலை மட்டும்தான். ஆகையால் உயரத்தை வெட்டினால் விளைச்சல் குறையும் என்ற பயம் பலாவுக்குப் பொருந்தாது. நிழலுக்கும் பலகைக்கும் பலா வளர்த்த நம் ஊர்ப் பழக்கத்தில் கத்தியை யாரும் மரத்தின் தலைக்குக் கொண்டுபோனதில்லை. மிருதங்கமும் வீணையும் செய்யப் பலாக் கட்டை வேண்டும், கதவு நிலைக்குப் பலாப்பலகை வேண்டும் என்றால் நேராக உயரவிடத்தான் வேண்டும். உங்களுக்கு வேண்டியது கறியும் பழமும். புளோரிடாவில் புயலுக்குப் பயந்து வீட்டுத் தோட்டக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு அடியிலேயே நிறுத்திக் காய் எடுக்கிறார்கள். 10 பேர்ச்சஸில் புயல் இல்லாவிட்டாலும் அயலவர் இருக்கிறார்.

செய்முறை இது. ஒட்டுக்கன்று நாலடி உயர்ந்ததும் நடுக்குருத்தை வெட்டி விடுங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழே பல துளிர் கிளம்பும். அவற்றில் நாலு திசைக்கும் பார்த்த மூன்று நாலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். ஒரே இடத்திலிருந்து கவை மாதிரிப் பிரியும் இரண்டை வைக்காதீர்கள். காய் பாரத்தில் நடுவால் பிளக்கும். ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளியில், அகன்ற கோணத்தில் போகும் கிளைதான் பாரம் தாங்கும். அவை மூன்றடி நீண்டதும் நுனியை வெட்டினால் தடிக்கும். மூன்றாம் வருஷம் பார்த்தால் மரம் குடை மாதிரி விரிந்து நிற்கும். அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு தரம், காய் முடிந்த கையோடு, மழை இல்லாத நாள் பார்த்து, 12 அடிக்கு மேலே போனதையும் உள்ளுக்குள் நேராகக் கிளம்பும் போத்துகளையும் எடுத்துவிட வேண்டும். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் அடுத்த வருஷம் இலையாகவே தள்ளும். வாளை நன்றாகக் கழுவி, சரிவாக வெட்டுங்கள். தட்டையாகவோ குழியாகவோ விட்டால் தண்ணீர் நின்று உளுத்துப் பொந்தாகும், பொந்தில் நுளம்பும் குடியேறும். ஒட்டுக்குக் கீழிருந்து வரும் துளிரைக் கண்டவுடனே கிள்ளுங்கள். விட்டால் அது மேலே உள்ள நல்ல இனத்தை அமுக்கிவிட்டுத் தானே மரமாகும்.

இதில் ஒரு இடத்தில் நிறையப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். வளவு துப்புரவாக்க வருபவரிடம் கத்தியைக் கொடுத்தால், அடிமரத்தில் குட்டையாக நாலைந்து இலையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு குச்சிகளை எல்லாம் வழித்தெடுத்து, மரத்தைத் தூண் மாதிரி ஆக்கிவிட்டுப் போவார். பார்க்க அழகாக இருக்கும். அடுத்த வருஷக் காய் அந்தக் குச்சிகளில்தான் வர இருந்தது. பழைய காய்க் காம்பையும் பட்டையோடு சேர்த்துச் சீவாமல் ஒரு விரல் நீளம் விட்டு வெட்டுங்கள். அடுத்த பூ பெரும்பாலும் அதன் அருகிலேயே வரும். காய்க்காத மரத்துக்கு ஆணி அடிப்பது, கத்தியால் கொத்துவது, உப்புப் போடுவது என்று ஊரில் பல வைத்தியம் உண்டு. காயத்தால் பூசணம் நுழையும், உப்பு வேரைக் கெடுக்கும். காய்க்காததற்குக் காரணம் அநேகமாக நிழல், அல்லது யூரியா கூடிப்போனது, அல்லது மரத்துக்கு இன்னும் வயது வரவில்லை.

மூன்றாம் நாலாம் வருஷத்தில் ஒரு நாள் 'பிஞ்சு வந்தது, கறுத்துக் கொட்டுகிறது, என்ன மருந்து அடிக்க?' என்று நீங்களும் கேட்கப் போகிறீர்கள். மருந்து ஒன்றும் வேண்டாம், அது பிஞ்சே இல்லை. ஆண் பூங்கொத்து. விரல் நீளத்தில், மெல்லிய காம்பில், ஓரளவு வழுவழுப்பாக இருக்கும். முற்றியதும் மேலே மஞ்சள் தூள் படிந்து இனிப்பு மணம் வரும். சின்னஞ்சிறு ஈக்கள் சுற்றும். தூள் உதிர்ந்து வேலை முடிந்ததும் சாம்பல் நிறப் பூசணம் பூத்து, கறுத்து விழுந்துவிடும். பெண் பூங்கொத்து தடித்த காம்பில், காம்பு சேரும் இடத்தில் பச்சை வளையத்தோடு, முள் தெளிவாகத் தெரிய வரும். இளம் மரத்தில் முதல் வருஷம் ஆண் மட்டுமே வருவது சாதாரணம். அடுத்த வருஷம் பெண்ணும் வரும்.

ஒரு பலாக்காய் உண்மையில் நூற்றுக்கணக்கான பெண்பூக்கள் ஒன்றாகப் பிணைந்த கூட்டம். மகரந்தம் சேர்ந்த ஒவ்வொரு பூவும் கொட்டையோடு கூடிய சுளையாகிறது, சேராதவை தும்பாகிவிடுகின்றன. பூக்கும் காலத்தில் விடாமல் மழை கொட்டினால் காய் ஒரு பக்கம் வீங்கி ஒரு பக்கம் ஒடுங்கிக் கோணலாக வருவது அதனால்தான். அறுத்தால் ஒடுங்கிய பக்கத்தில் சுளை இருக்காது.

முதல் காய்ப்பில் கன்றின் மேல் இரக்கம் வேண்டும். நாலு வயது மரம் ஒரு கொத்தில் மூன்று நாலு பிஞ்சு பிடித்தால் எல்லாவற்றையும் பழுக்கவிட முடியாது. கிளை முறியும், மரம் இரண்டு வருஷம் களைத்துப்போகும். ஒரு கொத்துக்கு ஒன்று, மரம் முழுவதிலும் மூன்று நாலு என்று வைத்துக்கொண்டு மற்றதைப் பிஞ்சாகவே பறித்துவிடுங்கள். வேறு நாட்டில் இதை வீண் என்பார்கள். நமக்கு அதுதான் பொலோஸ். இரண்டு மாதப் பிஞ்சைத் துண்டாக்கி, மிளகாய்த்தூளும் கறுவாவும் கொறுக்காப்புளியும் போட்டுத் தேங்காய்ப்பாலில் மெல்லிய நெருப்பில் வேகவைத்த கறிக்கு இறைச்சிக்கறி தோற்கும். கோயில் விரத நாளில் எங்கள் வீடுகளிலும் அது ஏறிவிட்டது.

உரம் அளவாக. வருஷத்துக்கு இரண்டு தரம், மழை தொடங்கும்போது, கிளை நுனிக்கு நேர் கீழே வட்டமாக ஆட்டெருவோ கூட்டெருவோ இட்டு மண்ணால் மூடினால் போதும். வீட்டில் விறகடுப்பு இருந்தால் சாம்பலும் தூவலாம், காய்க்கு நல்லது. கடையில் தரும் கலப்பு உரம் போடுவதென்றால் சாம்பல் சத்து (பொட்டாசியம்) கூடியதைக் கேட்டு வாங்குங்கள்.

நோயில் கவனிக்க வேண்டியது பிஞ்சழுகல். மழைக்காலத்தில் பெண்பிஞ்சில் மென்மையான பழுப்புப் புள்ளி விழுந்து, பஞ்சு மாதிரிப் பூசணம் பரவி, முழுதும் கறுக்கும். அழுகியதை மரத்திலோ அடியிலோ விடாமல் உடனே எடுத்துப் புதைத்துவிடுங்கள், பக்கத்துப் பிஞ்சுக்குத் தாவாது. காற்றோட்டம் உள்ள, தலை விரிந்த மரத்தில் இது குறைவு. அடுத்தது துளைப்பான் புழு. காயின் மேல் மரத்தூள் மாதிரி எச்சம் தள்ளியிருந்தால் உள்ளே புழு இருக்கிறது. பிஞ்சு முட்டை அளவைத் தாண்டி, பெண்பூவின் வேலை முடிந்ததும் உரப்பையோ பழைய சாக்கோ தளர்வாகக் கட்டி, அடிப்பக்கம் தண்ணீர் வடிய வழி விட்டால் புழு, பழ ஈ, அணில் மூன்றுக்கும் ஒரே மருந்து. தென்னோலையில் கூடு பின்னிப் போடுவதும் உண்டு, அதுதான் பார்க்க இலட்சணம். முசுறு எறும்பு கூடு கட்டினால் காய் ஆயும் நாள் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். கடிதான், ஆனாலும் இலைப்புழுவைத் தின்று தீர்க்கும். பெல்லன்வில பக்கம் மரங்களில் மந்தி வந்தால் குருத்தையும் பிஞ்சையும் உண்ணும். மேல்மாகாணத்து ஊதாமுக மந்தி காடு இழந்து வீட்டுத் தோட்டங்களை நம்பிப் பிழைக்கிறது, அழியும் நிலையில் உள்ள இனம். விரட்டுங்கள், கல்லால் அடிக்காதீர்கள்.

ஆயும் பருவத்தை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். பூத்து இரண்டு மூன்று மாதத்தில் பொலோஸ். நாலைந்து மாதத்தில் முற்றிய காய். அவித்துத் தேங்காய்ப்பூவும் கட்டச்சம்பலும் வைத்துச் சாப்பிடுவது அந்தப் பருவத்தில். பழமாக ஆறு மாதம் அளவில், இனத்தைப் பொறுத்துக் கொஞ்சம் முந்தியோ பிந்தியோ. ஒரு மரத்துக் காயெல்லாம் ஒரே மாதத்தில் பழுத்தால் வீட்டில் யாராலும் தின்று முடியாது. எனவே மூன்றில் இரண்டைக் காயாக எடுத்துவிட்டு மிச்சத்தைப் பழுக்கவிடுவது புத்தி. பழுக்கும் காயின் முள் அகன்று தட்டையாகும், காம்போடு இருக்கும் இலை மஞ்சளாகும், தட்டினால் 'டொக்' என்றிருந்தது 'தொம்' என்று கேட்கும். அந்த நேரத்தில் வெட்டி வீட்டுக்குள் மூன்று நாலு நாள் வைத்தால் பழுக்கும். மணம் வரும் வரை மரத்தில் விட்டால் வௌவால்தான் முதலில் அறியும்.

வெட்டும்போது காம்பை நாலு விரல் நீளத்துக்கு விட்டு, தலைகீழாகச் சாய்த்துப் பால் வடிய விடுங்கள். கொக்கத்தடி தேவைப்பட்டால் மரம் உயர்ந்துவிட்டது என்று அர்த்தம். அறுக்கும் கத்திக்கும் கைக்கும் தேங்காயெண்ணெய். சவர்க்காரத்தால் பலாப்பால் போகாது. தோலையும் தும்பையும் ஆடு வளர்க்கும் யாருக்காவது கொடுக்கலாம், இல்லாவிட்டால் துண்டாக்கிக் கூட்டெருவில் புதைக்கலாம். குப்பை வண்டிக்காக மூன்று நாள் பையில் கட்டி வைத்தால் வீடு நாறும். கொட்டையைக் கழுவி, நிழலில் ஈரம் போக உலர்த்தி, நன்றாகக் காய்ந்த மணலுக்குள் புதைத்து வைத்தால் சில மாதம் கறிக்கு உதவும். நடுவதற்கு எடுத்து வைக்கும் கொட்டை வேறு. அதைக் காயவிடவே கூடாது, அந்தக் கிழமையே மண்ணில் போட்டுவிட வேண்டும்.